காலிக் கட்டம் வைத்த சமையல் பத்திரிகை

முதலில் ஒரு விடுகதை. அடுக்களையில் இருக்கும், அடுப்பில் ஏறாது. பசியைத் தீர்க்காது, கிளப்பும். வீட்டில் எல்லாரும் புரட்டுவார்கள், ஒருவர் மட்டும் வியர்ப்பார். அது என்ன? தெரிந்தவர்கள் கையைத் தூக்கலாம். தெரியாதவர்கள் பென்சிலைக் கடிக்க வேண்டாம்.

சமையல் பத்திரிகை என்று சொன்னவர்களுக்குப் பாராட்டு. சிறுவர் பக்கத்தில் விடையைத் தலைகீழாக அச்சடித்தால் போதும். சமையல் பத்திரிகையில் ஆசிரியரே தலைகீழாக நிற்க வேண்டும். ‘இன்றைக்கு என்ன கறி’ என்ற கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்லிக் களைத்த என் சக துன்பக்காரர்களே, அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு இப்படி வந்து உட்காருங்கள். இது உங்களால் எனக்கு நேர்ந்தது.

என் வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரு வாரப் பேப்பரின் சிறுவர் பக்கத்தில் கழிந்தது. அங்கே என் பெயர் பென்சில் மாமா. புள்ளிகளை இணைத்துப் படம் காண்க, முயலுக்கு வழி காட்டுக, கோடிட்ட இடத்தை நிரப்புக. எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது தயாபரன் வந்தார். கண்டியில் அச்சகம் வைத்திருப்பவர். சிறு வயதில் என் பக்கத்துக்கு யானைப் படங்கள் வரைந்து அனுப்பியவர். ஒரு சமையல் பத்திரிகை தொடங்கப் போவதாகவும், நான்தான் ஆசிரியர் என்றும் சொன்னார். எனக்கு முட்டை மட்டும்தான் அவிக்கத் தெரியும் என்றேன். எழுத்துப் பிழை இல்லாமல் அவித்தால் போதும் என்றார்.

பல வீடுகளில் கேட்டுச் செய்முறைகளைச் சேர்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பருப்புக் கறியை எடுத்துக்கொண்டால், எல்லா வீட்டிலும் முக்கால்வாசி வரைக்கும் ஒரே பாதைதான். ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த இடத்தில் எந்த வீட்டை நம்புவது? சிறுவர் பக்கத்துக்காரனுக்கு இதற்கு ஒரே பதில்தான் தெரியும். ஒரு கட்டம் போட்டுக் காலியாக விட்டேன். அதன் கீழே, “இந்த இடத்தில் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? நிரப்பி அனுப்புங்கள்” என்று எழுதினேன். ஒவ்வொரு செய்முறையிலும் ஒரு கட்டம். வருகிற பதில்களைப் பெயரும் ஊரும் போட்டு அடுத்த இதழில் அச்சடிப்பது என்று திட்டம். பத்திரிகைக்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று பெயர் வைத்தோம்.

தயாபரன் வரைவை நீண்ட நேரம் பார்த்தார். மூன்று இதழ்கள் பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு கட்டம் இருப்பதா, அல்லது எல்லாவற்றையும் நிரப்பி, அட்டையில் கேக் படம் போட்டு மற்றவர்களைப் போல நடத்துவதா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு.

கெலிஓயாவிலிருந்து முதல் அழைப்பு

முதல் இதழ் கடைகளுக்குப் போன மறுநாள் காலையில் தொலைபேசி அடித்தது. கெலிஓயாவிலிருந்து பரீதா என்ற பெண். கணவர் அங்கே புடவைக் கடை வைத்திருக்கிறார் என்று அறிமுகம் செய்துகொண்டு, நேரே விஷயத்துக்கு வந்தார். “சேர், உங்கட புத்தகத்தில பருப்புக் கறி பாதியில நிக்குது.” பால் ஊற்றுவதற்கு முன்பு இருக்கும் கட்டத்தைத்தான் சொன்னார். நான் சிறுவர் பக்கத்துப் பொறுமையோடு விளக்கினேன். அது விடுபட்டது இல்லை, விட்டது. அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒரு கறுவாப் பட்டைத் துண்டு போடுவேன் என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு மூத்த குரல், கறுவாவா, இந்த வீட்டில் எப்போது கறுவா போட்டாய், மாசித் தூள் அல்லவா போடுவது என்று கேட்டது. அது மாமியார். மாசி போட்டால் அது பருப்புக் கறியா, மீன் கறியா என்று மூன்றாவது குரல். அது கணவரின் ராத்தாவாம், மூத்த சகோதரி. அவர் ரம்பை இலைக் கட்சி. இத்தனை நாளும் இந்த மூவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். யார் என்ன போடுகிறார் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எனக்கோ சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது. என் கட்டத்துக்குள் முதல் முறையாக ஒரு முழு வீடே வந்து நிற்கிறது. எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் எதுவும் விளங்கவில்லை. மெதுவாக, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பரீதா மறுபடியும் தொலைபேசிக்கு வந்து சொன்னார்: “சேர், நீங்க போன வைங்க. நாங்க ஒரு முடிவுக்கு வந்திட்டு எடுக்கிறோம்.”

திரும்பி வந்த கட்டு

அதே வாரம் கண்டி நகரத்துப் புத்தகக் கடை ஒன்று, நாங்கள் அனுப்பிய கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பியது. மேலே ஒரு துண்டுச் சீட்டு. எல்லாப் பக்கத்திலும் அச்சு விடுபட்டிருக்கிறது, நல்ல பிரதி அனுப்பவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். தயாபரன் அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் மெதுவாக வைத்தார். கோபக்காரர்கள் தூக்கிப் போடுவார்கள். அவர் கவலைப்பட்டால்தான் மெதுவாக வைப்பார்.

கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம் என்றேன். சிறுவர் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு படங்களில் எதை அச்சுக்கு அனுப்புவது என்று ஆசிரியர்களுக்குள் இழுபறி வந்தால், இரண்டையும் ஒரு பிள்ளையின் முன்னால் வைப்போம். விளக்கம் சொல்ல மாட்டோம். பிள்ளை எதை எடுத்துக்கொள்கிறதோ அது அச்சுக்குப் போகும். ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்றாவது இதழ் வந்த பிறகு கட்டம் உள்ள பத்திரிகையையும் கட்டம் இல்லாத பத்திரிகையையும் அப்படி வைத்துப் பார்ப்போமா என்றேன். தயாபரனுக்கு அந்த வழக்கம் தெரியும். அவருடைய யானை ஒன்று ஒரு முறை அப்படித்தான் அச்சேறியது. சரி என்று தலையாட்டினார். பிறகு கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எண்டாலும் மாமா, ஓட்டை போட்ட குடையை மழைக்காலத்துல விக்கச் சொல்றீங்க.”

புசல்லாவை பஸ்ஸில் ஒரு ரொட்டி

திரும்பி வந்த பிரதிகளைச் சும்மா வைத்திருக்க மனமில்லை. ஒரு பையில் போட்டுக்கொண்டு நுவரெலியா வீதியிலுள்ள கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று புசல்லாவை போகும் பஸ்ஸில் ஏறினேன். கம்பளை தாண்டியதும் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார். நம்முடைய பத்திரிகை! பேப்பர்காரனின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய காட்சி கிடையாது. வாசகர் தன்னைப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து அவர் வாசிப்பதைப் பார்ப்பது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அவர் பெயர் செல்வமணி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறார். இதெல்லாம் அவர் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் சொன்னதால் எனக்குத் தெரிந்தது. ரொட்டிப் பக்கத்தில் விரலை வைத்தார். மா, தேங்காய்ப்பூ, உப்பு, பிறகு கட்டம். “இதுல என்ன இருக்கு யோசிக்க? சுடுதண்ணிதான். சுடுதண்ணி ஊத்திப் பெசஞ்சா மலைக்குக் கொண்டு போனாலும் மெத்துனு இருக்கும்” என்றார். பக்கத்துப் பெண், பச்சைத் தண்ணீர்தான் சரி, சுடுதண்ணீர் ஊற்றினால் ரப்பர் மாதிரி இழுக்கும் என்றார். பின் சீட்டு இளைஞர் ஒருவர், தண்ணீரை விடுங்கள், முதலில் வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் போட்டீர்களா என்றார். என்ன பேச்சு என்று சிங்களத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரு பெரியவர், தங்கள் வீட்டில் தண்ணீரே இல்லை, தேங்காய்ப் பால்தான் என்று அறிவித்தார். அதைக் கேட்டுத் தண்ணீர்க் கட்சிகள் இரண்டும் ஒன்று சேர்ந்தன.

வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது, கட்சிகளும் சாய்ந்தன. டிக்கட் போட வந்த கண்டக்டர் டிக்கட்டை மறந்துவிட்டு, சுடுதண்ணீருக்கு யார் யார் கை தூக்குகிறீர்கள் என்று கேட்டார். நானும் தூக்கினேன். ரொட்டி சுடத் தெரியாதவனுக்கு வாக்கு உண்டா என்று என்னை யாரும் கேட்கவில்லை. சுடுதண்ணீர் வென்றது. செல்வமணி என் பக்கம் திரும்பி, பேனா இருக்கிறதா என்று கேட்டார். என் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது பென்சில்தான். அதைக் கொடுத்தேன். பஸ் ஆடிய ஆட்டத்தில் எழுத்துகள் கட்டத்தை விட்டு வெளியே ஓட, மடியில் வைத்து எழுதி முடித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். திடுக்கிட்டு எழுந்தார். கண்டக்டர் அவசரமே இல்லாமல் சொன்னார்: “அக்கா, ஒங்க ஹோல்ட்டு அப்பவே போயிருச்சு. இனி ரொட்டிய சுட்டு முடிச்சிட்டே எறங்குங்க.”

மாஸ்டரின் தேசிக்காய்

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துபவர் சிவபாதம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் படிப்பித்து ஓய்வு பெற்று, மகளோடு கண்டிக்கு வந்து இருப்பவர். மாலையில் வந்து கதிரையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் ஒரு காற்புள்ளிகூடத் தப்பாது. இரண்டாவது இதழ் வெளிவந்த பிறகுதான், தப்பாதது காற்புள்ளி மட்டுமல்ல என்று தெரிந்தது. கத்தரிக்காய்ப் பால்கறியில் கட்டத்தைக் காணவில்லை. அந்த இடத்தில், ‘இறக்கி வைத்துத் தேசிக்காய்ப் புளி விடவும்’ என்று எலுமிச்சை மணக்க அழகாக அச்சாகியிருந்தது.

தொலைபேசி ஓயவில்லை. எங்கள் கட்டத்தைக் காணவில்லை என்றார்கள். கத்தரிக்காய்க்கு எழுதவென்று ஒரு மாதமாக நினைத்து வைத்திருந்தேன், இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்றார் ஒருவர், பஸ்ஸில் சீட்டைப் பறிகொடுத்தவர் போல. போன மாதம் கட்டத்தைப் பார்த்து அச்சுப் பிழை என்றவர்கள் இந்த மாதம் கட்டம் இல்லாததை அச்சுப் பிழை என்கிறார்கள். கட்டைத் திருப்பி அனுப்பிய அதே புத்தகக் கடையும் பேசியது; தங்களுக்கு வந்த பிரதிகளில் ஒரு கட்டம் விடுபட்டிருப்பதாகவும், நல்ல பிரதி அனுப்ப முடியுமா என்றும் கேட்டது. நான் கோபப்பட்டிருக்க வேண்டியவன். ஆனால் சந்தோஷத்தில் அச்சு இயந்திரத்தைச் சுற்றி ஓடி வரலாம் போல இருந்தது. தயாபரன்கூடச் சிரித்தார். அன்று மாலை மாஸ்டரிடம், நீங்களா நிரப்பினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: “ஓம், நான்தான் எழுதினனான். கட்டத்தை வெறுமையா விட்டிட்டு வந்தால் ஆர் மாக்ஸ் போடுறது?”

தின்றவர்

குரல் செய்திகளும் வந்தன. அவற்றில் ஒன்றை அச்சகத்தில் எல்லாரும் கூடி நின்று திரும்பத் திரும்பக் கேட்டோம். கடுகண்ணாவையிலிருந்து ஓர் இளம் தாய். பின்னணியில் குழந்தையின் குரல். பால் பல் முளைத்துக்கொண்டிருக்கும் அவருடைய மகன் பத்திரிகையை இழுத்து வைத்து, சம்பல் பக்கத்தில் கட்டத்தை மட்டும் சரியாகக் கிழித்து விழுங்கிவிட்டானாம். பயந்துபோய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். எங்களுக்கும் அப்போதுதான் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவர் ஒரே ஒரு வேண்டுகோளோடு முடித்தார்: “மாமா, அடுத்த தடவ கட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் நல்ல பேப்பரா போடுங்க. இவருக்குச் சோத்தவிட அதுதான் பிடிச்சிருக்கு.”

எல்லாம் கலந்த பொட்டலம்

கண்டிச் சந்தையில் கறித்தூள் வாங்கப் போயிருந்தேன். ஒரு பலசரக்குக் கடையின் வாசலில் சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அதில் ஒரே சொல்: ‘கட்டத்துக்கு’. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. கடைக்காரருக்கு என்னை யாரென்று தெரியாது. இது என்ன என்று அப்பாவியாகக் கேட்டேன். ஒரு புதுப் புத்தகம் வந்திருக்கிறது, அதில் கட்டம் கட்டமாக இடம் விட்டிருக்கிறார்கள், வாங்கிப் போகிறவர்கள் இங்கே வந்து நின்று யோசிக்கிறார்கள், வழியும் அடைபடுகிறது, அதற்காகத்தான் இது என்று விளக்கினார். உள்ளே சீரகம், பெருஞ்சீரகம், கறுவா, ஏலம், கடுகு, வெந்தயம் எல்லாம் இருந்தன.

எந்தக் கட்டத்துக்கு என்றேன். எந்தக் கட்டத்துக்கும் என்றார். மீன் குழம்புக்கும் இதே பொட்டலம்தானா? அதற்கும்தான். இனிப்பு வட்டிலப்பத்துக்கு? கொஞ்சம் யோசித்தார். குறைவாகப் போட்டால் சரி என்றார். வட்டிலப்பத்தில் வெந்தயமா என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, இரக்கத்தோடு சொன்னார்: “ஐயா, எதப் போடணும்னு அந்த ஆசிரியருக்கே தெரியல. அதான் நான் எல்லாத்துலயும் கொஞ்சம் போட்டுட்டேன்.”

குண்டசாலையில் பிந்திய சாப்பாடு

மூன்றாவது இதழில் ஓர் அறிவிப்புப் போட்டோம். கட்டம் தொடருமா, இல்லையா என்பது விரைவில் முடிவாகும் என்று இரண்டு வரி. அந்த இதழ் வந்த சில நாளில், பள்ளிக்கூடம் விட்ட நேரத்துக்கு, ஒருவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்து வாசலில் வந்து நின்றார். பெயர் மோகன், குண்டசாலையில் இருக்கிறார், ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பிள்ளையின் பெயர் அபிஷா. வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், ஒன்று அவிழ்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அபிஷா உட்காரவில்லை. என் மேசையிலிருந்த பென்சில் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மோகனின் மனைவி வசந்தி மத்திய கிழக்கில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். அங்கே வேலை ஓய்ந்த பிறகு பேசுவார். முன்பெல்லாம் பேச்சு எப்படி இருந்தது என்று மோகன் சொன்னார். சுகமா, சுகம். பிள்ளை படிக்கிறாளா, படிக்கிறாள். மழையா, மழை. அதற்குமேல் இரண்டு பேரும் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சரி வைக்கிறேன் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருக்கும். சண்டையில்லை, கோபமில்லை, பேச விஷயம் இல்லை. சமைக்கத் தெரியாமல் நம்முடைய பத்திரிகையை வாங்கியிருக்கிறார். மீன் குழம்பில் கட்டம். கொறுக்காய்ப் புளியை எப்போது போடுவது என்று தெரியாமல் வசந்தியைக் கேட்டிருக்கிறார். கேட்டதும் அந்தப் பக்கத்தில் ஒரே உற்சாகம். சட்டியைக் காட்டு என்றிருக்கிறார். இவர் தொலைபேசியைச் சட்டிக்கு மேலே பிடித்தார். ஆவியில் திரை மூடிக்கொண்டது. துடை என்றார், துடைத்தார். கலக்காதே என்றார், கலக்கிவிட்டார். மீன் உடைந்தது. வசந்தி அங்கிருந்து திட்டிய திட்டில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்களாம். “கல்யாணம் கட்டுன நாள்லருந்து அவ என்னை இப்படித் திட்டுனதே இல்ல மாமா” என்று மோகன் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை வேறு எவர் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

இப்போது ஒரு கட்டத்துக்கு ஓர் அழைப்பு. சில கட்டங்களுக்கு இரண்டு. வேறு நாளில் கூப்பிட்டாலும் பேச்சு கொறுக்காயில் தொடங்கி எங்கெங்கோ போய்விடுகிறதாம். செய்முறை முழுவதையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் சுலபமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று, தயாபரனின் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன். மோகன் எழுந்து நின்றுவிட்டார். “எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டா, நான் அவகிட்ட எதக் கேக்கறது?” என்றார். பிள்ளையிடமாவது ஆதரவு தேடலாம் என்று, உனக்கு எப்படியம்மா இருக்கிறது என்று அபிஷாவைக் கேட்டேன். அவள் பென்சில் டின்னிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “இந்தக் கட்டம் இருக்கிற நாளெல்லாம் எங்க வீட்டுல சாப்பாடு லேட்டு.”

பிள்ளையின் முன்னால்

தயாபரன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர்கள் போனதும் வெளியே வந்து கையைத் தட்டினார். பிள்ளையைத் தேடி அலைய வேண்டாம், இந்தப் பிள்ளையே போதும் என்றார். வாசகியும்கூட, முறைப்பாடும் வைத்திருக்கிறாள். நான் மறுக்க முடியாது. எந்தப் பிள்ளையானாலும் சரி என்பது என்னுடைய வழக்கம்தான். நாங்கள் கூப்பிட, சனிக்கிழமை காலையில் மோகனும் அபிஷாவும் வந்தார்கள். தயாபரன் மோகனை வாசலருகே ஒரு கதிரையில் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்.

மேசையில் இரண்டு இதழ்கள். ஒன்று தயாபரன் செய்தது. பளபளக்கும் அட்டை, மூன்றடுக்குக் கேக், மேலே சிவப்புப் பழங்கள், உள்ளே எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டு எந்த வீட்டுக்கும் பொருந்தும்படி சீராக இருந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது. மற்றது என்னுடையது. வெளிறிய அட்டையில் கோட்டுச் சித்திரமாக ஒரு சட்டி, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். அதற்கருகே சீவிய பென்சில் ஒன்று கிடந்தது. என் மேசையில் அது எப்போதும் கிடப்பதுதான், லஞ்சம் இல்லை. மாஸ்டர் தன் சிவப்புப் பேனாவை மேசை லாச்சியில் போட்டு மூடிவிட்டுத் தள்ளி நின்றார். தாள் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். நிறுத்தியதும் தெருவில் போகும் ஆட்டோக்களின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

இரண்டும் எனக்கா என்று அபிஷா கேட்டாள். ஒன்றுதான் என்றார் தயாபரன். அவள் கேக்கை எடுத்தாள். தயாபரன் என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அட்டையை மூக்கருகே கொண்டுபோனாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பளபளப்பைப் பார்த்தாள், உள்ளே புரட்டி மீன் குழம்புப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். விரலை வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். எங்கும் நிற்கவில்லை. பிறகு மற்றதை இழுத்து அதே பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து வாசித்தாள். கட்டத்தில் விரல் நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மோகன் கூரையைப் பார்த்தார்.

அபிஷா கேக் இதழை மேசையில் வைத்துவிட்டு, கட்டம் உள்ளதை எடுத்துக்கொண்டாள். கூடவே என் பென்சிலையும்.